சிங்கராஜாவுக்கு 25 பேர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் திருகோணமலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 25 பேர் பஸ் பிடித்து, தீவின் தென்மேற்கில் உள்ள சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகிறோம். எந்த மாதம் நல்லது? எந்த வாசலால் போவது? இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்வது? ஏற்கெனவே போய்வந்த நண்பன் ஒருவன், வெறும் மரம்தான், ஒரு மிருகத்தையும் காணவில்லை என்கிறான். அலுப்புத் தட்டாமல் இருக்க ஸ்பீக்கர் கொண்டுபோகிறோம். எங்கள் பக்கம் பற்றைக்காடுதானே, உண்மையான காட்டை ஒருமுறை பார்க்க ஆசை.

வாசகர், உவர்மலை

தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஏசப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனாலும் நனையத்தான் வேண்டும், அது மழைக்காடு. இரத்தினபுரிப் பக்கத்துக் குடாவ வாசலால் போங்கள். அட்டைக்கு நெருக்கமாக நெய்த நீண்ட காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற நம் காட்டைப் பற்றைக்காடு என்றதற்கு இன்னொரு நாள் தனியாக ஏசுகிறேன்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம்.

சிங்கராஜாவில் யானைக்கூட்டம் வெட்டவெளியில் வந்து நிற்காது. அங்கே நீங்கள் காத்திருக்க வேண்டியது பறவைக் கூட்டத்துக்கு. ஒரே கூட்டத்தில் 10க்கு மேற்பட்ட இனங்கள், 40 பறவைகள் அளவில், ஒன்றாக இரை தேடிப் போகும். உலகில் வேறெங்கும் இல்லாத நம் நாட்டு இனங்கள் பல அதில் இருக்கும். தவிட்டுக்குருவிகள் ஓயாமல் கத்திக்கொண்டு வரும். கூடவே கொண்டைக் கரிச்சான். அது மற்றப் பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும், ஆபத்து என்றால் எச்சரிக்கும். அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் மற்றவை சேருகின்றன, கூடவே நகருகின்றன. சத்தம்தான் அந்தக் கூட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அதற்கு நடுவில் போய்ப் பாட்டுப் போடப்போகிறீர்களா?

ஒரு மணித்தியாலம் எதுவுமே தெரியாது. பிறகு எங்கோ தூரத்தில் கலகலப்புக் கேட்கும். அதைக் கேட்டு நின்றவனுக்குத்தான் தலைக்கு மேல் காடு அசையும். உங்கள் நண்பன் வழி நெடுகக் கதைத்துக்கொண்டு போயிருப்பான், வேறொன்றுமில்லை.

நிலாவெளியில் ஒருமுறை புறாத்தீவுக்குப் போனபோது, மிதவை அங்கியோடு ஒருவர் பவளப் பாறைமேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். படகுக்காரத் தம்பி இறங்கச் சொல்லிக் கத்தினான். "பார்க்கத்தானே காசு கட்டி வந்தோம்" என்று பதில் வந்தது. காலடியில் பவளம் நொறுங்கியது அவருக்குத் தெரியவே இல்லை. வருடக்கணக்காய் வளர்ந்த உயிர் அது. காலால் மிதித்து உடைப்பதைத்தான் காட்டில் சத்தத்தால் செய்யப் பார்க்கிறீர்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, எனக்குத் தெரியும். அந்த மனிதரும் கெட்டவரில்லை.

இன்னொன்று. குடாவவிலிருந்து நீங்கள் நடக்கப்போவது 1970களில் வெட்டிய மரம் ஏற்றப் போட்ட பாதை. ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரம் வைத்து மரம் தறித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1977இல் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. வெட்டுப்பட்ட இடத்திலும் காடு திரும்ப எழும்பியிருக்கிறது. இயந்திரம் ஓய்ந்த அந்தப் பாதையில், தம்பி, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நடக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

தீவைக் குறுக்கே கடந்து ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் இருக்கப்போகிறீர்கள். பாட்டெல்லாம் அங்கேயே பாடி முடியுங்கள், ஆடுங்கள், நானும் வந்தால் பாடுவேன். வாசலில் ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வழிகாட்டி கேளுங்கள். பறவைக் கூட்டம் பார்க்கவேண்டும், எவ்வளவு நேரமானாலும் நிற்போம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அவர்களில் பலர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். எந்தச் சத்தத்துக்கு நிற்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் பஸ்ஸிலேயே இருக்கட்டும்.