ஓம், வாட் அளவு ஏன் சரியாக வரவில்லை? கேள்வி பதில்

பாலிடெக்னிக் மாணவர்: சார், 0.1 ஓம் ஷண்டை (கரண்டை அளக்க வைக்கும் சின்ன மின்தடை) மல்டிமீட்டரில் பார்த்தால் 0.4 காட்டுகிறது. மீட்டர் போச்சா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 வரும். அது வயரின் மின்தடை. அதைக் கழித்தாலும் பயனில்லை. 200 ஓம் ரேஞ்சில் கடைசி இலக்கமே 0.1 ஓம்தான். அதனால் நான்கு வயர் முறைக்கு வாருங்கள்.

பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் வைத்து ஷண்ட் வழியாக ஓட விடுங்கள். தொடரில் ஒரு அம்மீட்டர் இருக்கட்டும், சப்ளையின் டிஸ்ப்ளேயை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் ப்ரோபுகளைக் கரண்ட் கிளிப்புகளுக்கு உட்புறமாக, ஷண்டின் காலிலேயே தொடுங்கள். 100 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம். இந்த ப்ரோபுகளில் கரண்ட் ஏறக்குறைய ஓடுவதே இல்லை, அதனால் அவற்றின் தடை கணக்கில் வராது. கிளிப்பின் மேலேயே ப்ரோபை வைத்தால் கிளிப் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்துகொள்ளும். லேபில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

மில்லி ஓம் அளவுக்குப் போனால் கரண்டின் திசையை மாற்றி இன்னொரு தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் சூட்டால் உண்டாகும் மைக்ரோவோல்ட் அடிபட்டுப்போகும்.

ரீவைண்டிங் கடைக்காரர்: அண்ணே, காலையில் 1.00 ஓம் காட்டிய காயில், மோட்டாரை ஓட்டி நிறுத்தியதும் 1.19 காட்டுகிறது. காயில் போயிடுச்சா?

இல்லை தம்பி, செம்பு சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். காலையில் 25 டிகிரி என்றால், செம்புக்கான மாறாத எண்ணான 234.5-ஐக் கூட்டி 259.5. அதை 1.19-ஆல் பெருக்கி, 234.5-ஐக் கழித்தால் சுமார் 74. உங்கள் வைண்டிங்கின் சூடு அதுதான், தெர்மாமீட்டர் தேவையில்லை. மூன்று ஃபேஸையும் ஒப்பிடும்போது மட்டும் மோட்டார் முழுக்க ஆறட்டும்.

ஒரு வாசகி: கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்வி கரண்டை அளப்பது) ஃபிரிட்ஜ் 1.1 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 253 வாட் வருகிறது. இவ்வளவா இழுக்கும்?

நீங்கள் கண்டுபிடித்தது வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. பவர் ஃபேக்டராலும், அதாவது வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்பதாலும் பெருக்க வேண்டும், அது சாதாரண கிளாம்பில் தெரியாது. வீட்டு மீட்டரே உதவும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்ரஸர் ஓடும்போது சிவப்பு விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு (1000 வாட்-ஹவர்) 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால் ஒரு மினுக்கு 0.3125 வாட்-ஹவர். 100 விநாடியில் 12 மினுக்கு என்றால் 3.75 வாட்-ஹவர், ஒரு மணி நேரத்துக்கு அதன் 36 மடங்கு, அதாவது 135 வாட். மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே தெரியும்.

இன்னொருவர்: எனக்குக் கிளாம்பில் சுழியமே வருகிறதே?

ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ள வயர் முழுவதையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபேஸ் வயரை மட்டும் கவ்வுங்கள். கரண்ட் சின்னதாக இருந்தால், அந்த வயரைக் கிளாம்புக்குள் 10 சுற்றுச் சுற்றி, வருவதைப் 10-ஆல் வகுங்கள்.