பிசியோதெரபி மாணவனுக்கு மனநல வார்டில் என்ன வேலை?

கேள்வி: நான் பிபிடி மூன்றாம் வருடம். எங்களையும் நர்சிங், எம்பிபிஎஸ் பசங்களையும் சேர்த்து மனநலப் பிரிவுக்கு இரண்டு வாரம் அனுப்பப் போகிறார்கள். எலும்பு, தசை படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

தம்பி, நீங்கள் கேட்ட விதத்திலேயே தெரிகிறது, "ஏசி இல்லாத லீவுடா, போய் உட்கார்ந்துட்டு வா" என்று யாரோ சீனியர் சொல்லியிருக்கிறார். நான் நர்சிங் கல்லூரியில் மனநலப் பாடம் எடுக்கிற ட்யூட்டர். வருடா வருடம் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வார்டில் இறக்கிவிடுகிற ஆள் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஒரு வருடம் பிசியோ பிள்ளைகளும் எங்களோடு வந்தார்கள். அப்போது வார்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார், நாற்பதைத் தாண்டியிருக்கும். காதில் குரல் கேட்கிறது என்று சேர்த்திருந்தார்கள். மருந்தில் குரல் அடங்கிவிட்டது, ஆனால் ஆள் எந்நேரமும் கட்டிலோடு கட்டில், முகத்தில் சிரிப்பும் கிடையாது, கோபமும் கிடையாது. என் பிள்ளைகள் நோட்டில் "எதிலும் ஆர்வமில்லை" என்று எழுதினார்கள். எம்பிபிஎஸ் பையன் அது மனச்சிதைவு நோயின் அறிகுறியேதான் என்று புத்தகத்தில் இருந்தபடி சொன்னான். அவர் மனைவியோ "உக்காந்து சாப்பிட்டுப் பழகிட்டாருங்க" என்று முடித்துவிட்டார். பிசியோவில் ஒரு பெண், வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், மத்தியானம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மேம், தட்டு பிடிக்காத கையைப் பாருங்க, வீசவே இல்லை." பார்த்தால் நிஜம்தான். திரும்பும்போதும் சட்டென்று திரும்பாமல் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்புகிறார். சாப்பிட்டு முடித்ததும் உட்காரவைத்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள், பல்சக்கரம் போலத் தடக் தடக்கென்று விட்டு விட்டு வந்தது. குரலை அடக்கக் கொடுக்கிற ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகள் மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தைத் தடுப்பதால், பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு வருகிற அதே விறைப்பும் மந்தமும் வரலாம். சாயங்காலம் டாக்டரிடம் சொன்னோம், அவரும் பார்த்துவிட்டு டோஸைக் குறைத்து, அந்த விறைப்புக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையைச் சேர்த்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் எழுந்து தானே குளிக்கப் போகிற அளவுக்கு வந்தார். சோம்பேறி என்ற பெயரும் போனது.

"டாக்டர் கண்டுபிடித்திருக்க மாட்டாரா, ஒரு சிஸ்டர் டாக்டர்களைக் குறை சொல்வதா" என்று கீழே வந்து சண்டை பிடிக்கப் போகிறவர்களுக்கு: கண்டுபிடித்திருப்பார், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ரவுண்ட்ஸ் வருகிற நேரத்தில் எல்லோரும் கட்டிலில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள், யார் நடந்து காட்டுகிறார்கள்?

இன்னொன்று. பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவருக்கு ஐசியூவில் மூச்சுப் பயிற்சி கொடுப்பது யார்? நீங்கள்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா இழுங்க, மெதுவா விடுங்க" என்று பேசிக்கொண்டே செய்கிறவரிடம்தான் "வீட்டுக்குப் போனா மறுபடியும் இதே கதைதான்" என்கிற வார்த்தை வரும். அப்போது "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதும் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதை அன்றைக்கே டியூட்டி சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும், ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தே பல வீடுகளில் மறைக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115வது பிரிவு, இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதையும், அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனாஸின் 14416ஐயும் குடும்பத்துக்குச் சொல்ல எம்டி படித்திருக்க வேண்டியதில்லை.

பார்மசி பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும் என்பேன். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் மூட்டுவலி என்று மெடிக்கலில் டைக்ளோபினாக், இபுபுரூபன் வாங்கித் தொடர்ந்து போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகலாம். அந்தக் கவுண்டரில் நிற்பது யார்?

ஆனால் சும்மா சேர்த்து அனுப்பினால் போதாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பல தொழில்காரர்கள் ஒருவரைப் பற்றி, ஒருவரிடமிருந்து, ஒருவரோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010லேயே எழுதிவைத்துவிட்டது. நடப்பது என்ன? காலையில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாகப் போய் ஒரே ஆளிடம் "உங்க பேரென்ன, இது என்ன இடம், இன்னைக்கு என்ன கிழமை" என்று கேட்கிறார்கள். ஒரு பாட்டி எரிச்சலில் "எழுதி கழுத்துல மாட்டிக்கட்டுமா" என்றார், நியாயம்தானே. நோயாளியோடு பேசியதை அப்படியே எழுதிவைக்கிற ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று உண்டு, எங்கள் நர்சிங் பிள்ளைகள் எழுதுவதில் பாதி சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது. எம்பிபிஎஸ்ஸில் மனநலத்துக்குத் தனித் தேர்வே கிடையாது, பொது மருத்துவத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால் அவர்களில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு லைப்ரரிக்குப் போய்விடுகிறார்கள். ஒரே நோயாளியை நாலு பேரும் சேர்ந்து பார்த்து, ஒரே கேஸாகச் சொல்லச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் எம்எஸ்சி சேரப் போனபோது, வேலை பார்த்த தனியார் மருத்துவமனை, இவ்வளவு காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் முடியவில்லை என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தராமல் இழுத்தடித்ததில் எனக்கு ஒரு வருடமே போய்விட்டது. மனநல நர்ஸ் பற்றாக்குறை என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும். அடுத்தவர் சர்டிபிகேட்டை லாக்கரில் வைத்துப் பூட்ட இவர்கள் யார்? சரி, விடுங்கள்.

நீங்கள் போகும்போது பாதுகாப்புக்காக ஐடி கார்டு கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முட்டியில் தட்டிப் பார்க்கிற சுத்தியலும் (knee hammer), மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கோனியோமீட்டரும் கட்டாயம் எடுத்துப் போங்கள், கட்டில்மேல் மட்டும் மறந்து வைத்துவிடாதீர்கள். வெளியே வரும்போது சிஸ்டர் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டச் சொல்வார், அதற்காக அவரை முறைக்காதீர்கள்.