விசாரணை வக்கீல் இருக்கும்போது அப்பீலுக்குத் தனி ஆள் எதற்கு?

அமெரிக்கச் சட்ட நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கென்றே புது வக்கீலைச் சேர்த்து, அதைப் பெருமையாக அறிவிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையே வேறு என்பதால்தான்.

அப்பீலில் சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, புது ஆதாரமும் பொதுவாக எடுபடாது. கீழ்க்கோர்ட் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, நீதிபதி சட்டத்தில் எங்கே சறுக்கினார், அதற்கு அப்போதே ஆட்சேபம் சொல்லப்பட்டதா என்று தேட வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் அந்த வாதம் போச்சு. அதனால் விவரமான நிறுவனங்கள் விசாரணையின்போதே அப்பீல் வக்கீலையும் கூட உட்கார வைத்துவிடுகின்றன.

மற்றபடி எல்லாம் எழுத்துதான். ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகளில் முதன்மை எழுத்து வாதத்துக்குப் பொதுவான வரம்பு 13,000 சொற்கள். நேரில் பேசக் கிடைப்பது பல சமயம் கால் மணி நேரம். அதையும் நீதிபதிகளின் கேள்விகளே தின்றுவிடும். குறுக்கு விசாரணையில் புலியாக இருப்பவருக்கு இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.