அணு ஆபத்துக்கு ‘கிட்’ வாங்கலாமா?

கேள்வி: 2025 மே 7-ஆம் தேதி கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்ததிலிருந்தே என் கணவருக்கு ஒரு கவலை. இப்போது ஆன்லைனில் ‘அணு ஆபத்துப் பாதுகாப்பு கிட்’ என்று 6,800 ரூபாய்க்கு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, முகக்கவசம், தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு, கதிர்வீச்சு மீட்டர், கழுத்தில் போட ஒரு டாலர் எல்லாம் அதில் உண்டாம். அவருக்கு வயது 52, எனக்கு 45. பிள்ளைகளுக்கு 14, 9. ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வாங்கலாமா? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். உங்களைக் காப்பாற்றக்கூடிய பொருளுக்கு ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுச் சுவர்தான் அது.

குண்டு வெடிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு எந்தப் பெட்டியும் உதவாது. கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள் முதலில் பார்ப்பது வெளிச்சம். அதிர்ச்சி அலை அதற்குச் சில விநாடிகள் கழித்துத்தான் வரும். ‘என்ன அது?’ என்று ஜன்னலுக்கு ஓடினால் கண்ணாடி முகத்தில் வந்து விழும். குப்புறப் படுத்துவிட வேண்டும். அதன் பிறகு வருவது தூசி. குண்டு கிளப்பிய மண்ணும் சாம்பலும் கதிரியக்கத்தோடு மேலே போய், பத்துப் பதினைந்து நிமிடத்திலிருந்து பொடி மணல் மாதிரி கீழே விழ ஆரம்பிக்கும். அந்த இடைவெளிக்குள் நல்ல கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும்.

இந்தத் தூசியின் வீரியம் வேகமாகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 100 என்று வைத்துக்கொண்டால், ஏழு மணி நேரத்தில் 10. இரண்டு நாளில் 1. அதனால்தான் முதல் 24 மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள் என்கிறார்கள்.

அந்த ஒரு நாளை எங்கே கழிப்பது? தூசி மொட்டைமாடியிலும் தரையிலும்தான் படியும். ஆக, மேல் மாடியும் வேண்டாம், கீழே திறந்து கிடக்கும் கார் பார்க்கிங்கும் வேண்டாம். ஐந்து மாடியில் இரண்டாவது மாடி நல்ல இடம். வீட்டுக்குள் எந்த மூலை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே பார்த்துவிடலாம். நான் என் வீட்டில் டேப் வைத்து அளந்தேன். வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், உள்சுவர் நாலரை இஞ்ச். பால்கனிக்கும் ஹாலுக்கும் நடுவே வெறும் கண்ணாடிக் கதவு, ஆகவே ஹால் கழிந்தது. இரண்டு படுக்கையறைக்கும் நடுவில், குளியலறைக்கு வெளியே உள்ள குறுகலான நடை மிஞ்சியது. எந்தத் திசையிலிருந்து எண்ணினாலும் இரண்டு சுவர். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒன்றே கதிரைக் குத்துமதிப்பாக எட்டில் ஒரு பங்காக்கிவிடும். நாலு பேர் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்தால் கட்டாயம் சண்டை வரும், அது வேறு விஷயம்.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலை எய்சோ நொமுரா என்ற ஊழியர், ஏதோ காகிதம் எடுக்க அலுவலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே இருந்த இடத்திலிருந்து அந்தக் கட்டடம் சுமார் 170 மீட்டர். அவர் பிழைத்தார், எண்பது வயதைத் தாண்டியும் வாழ்ந்தார். தலைக்கு மேல் காங்கிரீட் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, கிட்டுக்கு வருவோம்.

மாத்திரை: இது போலி மருந்து இல்லை. ஆனால் இது செய்வது ஒரே வேலை. கதிரியக்க அயோடின் தைராய்டில் போய்ச் சேராமல் அந்த இடத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கும். தோல், எலும்பு மஜ்ஜை, குடல் எதையும் காக்காது. வெளியிலிருந்து வரும் கதிரையும் தடுக்காது. இது பெரிதும் கைகொடுப்பது அணு உலை விபத்தில். 1986-இல் செர்னோபிலில் புல்லில் படிந்த அயோடினை மாடு மேய்ந்து, பாலில் இறங்கி, குழந்தைகளுக்குப் போனது. அந்த நேரத்தில் போலந்து அரசு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அயோடின் கொடுத்தது. அணுகுண்டில் முதல் ஆபத்து தூசியிலிருந்து நேரே பாயும் கதிர்.

இன்னொன்று, வயது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. பின்லாந்து அரசு 2022 அக்டோபரில் 3 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் வீட்டில் வைத்திருக்கச் சொன்னது (மருந்துக்கடைகள் உடனே காலியாகின). உங்கள் வீட்டில் அது பிள்ளைகள் இருவருக்குத்தான் பொருந்தும். ஒன்பது வயதுக்கு அளவு 65 மில்லிகிராம், பெரியவர்களின் 130-இல் பாதி. பதினான்கு வயதுக்கு 65-ஆ 130-ஆ என்பதில் வழிகாட்டிகள் வேறுபடுகின்றன. ஒரு தடவை போட்ட மாத்திரை ஒரு நாள்தான் தாங்கும், ஆகவே பயத்தில் முன்னாடியே போட்டால் வீண். அரசு சொல்லும்போதுதான் போட வேண்டும். அணு மின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் உண்டு. தாம்பரம் அந்த வட்டத்துக்கு வெகு வெளியே.

வெள்ளை உடுப்பு: தூசி உடம்பில் படாமல் பார்க்கும், கதிரை நிறுத்தாது. வெளியே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே மேலாடையைக் கழற்றிவிட்டால் 90 சதவீதம் வரை தூசி போய்விடும். துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டி ஆட்கள் இல்லாத மூலையில் வையுங்கள். பிறகு சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கலாம். கண்டிஷனர் மட்டும் கூடாது, தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் அன்றைக்கு வேண்டாம் என்பது என் சொந்த யோசனை.

முகக்கவசம்: கோவிட் காலத்து என்95 அலமாரியில் இன்னும் கிடக்கும், தேடுங்கள்.

மீட்டர்: மலிவு கிட்களில் மொபைல் டவர் அலையை அளக்கும் கருவியைக் ‘கதிர்வீச்சு மீட்டர்’ என்று வைத்துவிடுவது உண்டு. அணுத் தூசியிலிருந்து வரும் காமா கதிர் பட்டால் அதன் முள் அசையாது.

டாலர்: இது மட்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். ‘5ஜி கதிரைத் தடுக்கும்’ என்று விற்ற டாலர், வளையல், கண்மூடி என்று பத்துப் பொருட்களை நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. அவையே கதிர்வீச்சை வெளியிட்டன! அணியாதீர்கள் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. கதிருக்குப் பயந்து காசு கொடுத்துக் கதிரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கதை.

கேள்வி: மாத்திரை கிடைக்காவிட்டால் அயோடின் உப்பையே கூடுதலாகச் சாப்பிடலாம் என்கிறார் என் நண்பர். பெட்டாடின் குடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: 130 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கும் அயோடின் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் கடை உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவில் கணக்குப் போட்டால் ஆறரைக் கிலோவுக்கும் மேல் உப்பு வருகிறது. பெட்டாடின் புண்ணுக்குப் போடுவது, குடித்தால் விஷம். அந்த இரண்டாவது நண்பரிடம் வேறு எதற்கும் யோசனை கேட்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் வாங்குவது? (குரோம்பேட்டை வாசகி)

பதில்: புயலுக்கு உதவாத எதையும் வாங்காதீர்கள். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் போய், தண்ணீர் போய், செல்போன் சிக்னலும் போய் உட்கார்ந்திருந்தோமே, அதே பட்டியல்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்றால் நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது மூன்று கேன். கரண்ட் இல்லாமல் ஆர்ஓ மெஷின் ஓடாது. அவல், பொரி, பிஸ்கட், பேரீச்சம்பழம் மாதிரி அடுப்பு கேட்காத சாப்பாடு, டார்ச், தினசரி மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு. செல் போட்டு ஓடும் சின்ன ரேடியோ ஒன்று. எப்போது வெளியே வரலாம் என்று அதில்தான் சொல்வார்கள்.

அப்புறம், ஒருமுறை மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் அது உடைந்து இரண்டு வருடமாக ஒரு அட்டையும் அதன் மேல் செங்கல்லுமாகத்தான் இருந்தது. மூடிய தொட்டிக்குள் தூசி விழாது, உள்ளே உள்ள தண்ணீரை நம்பலாம். மூடியில்லாத தொட்டியை நம்ப முடியாது. அசோசியேஷன் கூட்டத்தில் அணுகுண்டு என்று சொல்லாதீர்கள், சிரிப்பார்கள். கொசு என்று சொன்னேன், மறுநாளே புது மூடி வந்துவிட்டது.

கேள்வி: நான் அந்த மாதிரி கிட்டை வாங்கிவிட்டேன். மாத்திரை அட்டையில் தயாரிப்பாளர் பெயரே இல்லை. பணம் திரும்ப வருமா? (மதுரை வாசகர்)

பதில்: மாத்திரையைத் தொடாதீர்கள். தயாரிப்பாளர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாமல் மருந்தை விற்கவே கூடாது. அட்டையின் இரண்டு பக்கமும், விளம்பரத்தில் ‘கதிரைத் தடுக்கும்’ என்று சொன்ன பக்கமும் போட்டோவாக வேண்டும், அவர்கள் அதை அழிப்பதற்குள் எடுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.