லேப்டாப்ல வருது, நெட்ல வரல: பிரியாணி மாஸ்டர் பையனோட கேள்விக்குப் பதில்

தண்டையார்பேட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா பிரியாணி மாஸ்டர், கல்யாணம் காதுகுத்துன்னு தேக்சா (பிரியாணி செய்யிற பெரிய அண்டா) கணக்குல ஆர்டர் எடுக்கிறவரு. தம்பி யூடியூப் பார்த்து எச்டிஎம்எல்ல, அதாவது வெப் பேஜ் எழுதுற கோட்ல, ஒரு பேஜ் பண்ணிட்டாரு, லேப்டாப்ல சூப்பரா வருதாம், அதே ஃபைல ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்புனா ஒரு போட்டோ கூட வரலயாம். இத நெட்ல ஏத்த ஹோஸ்டிங், அதாவது சைட் ஃபைல்கள நெட்ல வெச்சிக்கிற இடம், வாங்கியே ஆகணுமா, தெரிஞ்சவர் ஒருத்தர் எல்லாம் சேர்த்து 15,000 கேக்குறாரே குடுக்கலாமா, இதான் கேள்வி.

முதல்ல அந்த 15,000 மேட்டர முடிச்சிடலாம் தம்பி. குடுக்க வேணாம். அவர் ஏமாத்துறாருன்னு சொல்ல வரல, போட்டோ எடுத்து டிசைன் பண்ணி எல்லாத்தையும் எழுதிக் குடுத்தா அது நியாயமான கூலிதான், ஆனா பேஜையே நீங்க பண்ணி வெச்சிட்டீங்களே, மிச்சம் இருக்கிறது ஏத்துற வேலை, அதுக்கு ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும். உங்களுக்குக் கையில இருந்து போற காசுன்னா டொமைன் ஒண்ணுதான், அதாவது சைட்டோட பேரு. டாட் இன்னோ டாட் காமோ, வருஷத்துக்கு ஆயிரம் ரூபா அக்கம்பக்கம், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதல் வருஷம் ஆஃபர்னு ரொம்ப கம்மியா காட்டுவாங்க, ரெண்டாவது வருஷத்து ரினியூவல் ரேட் என்னன்னு பார்த்துட்டு வாங்குங்க, பில் போடுற இடத்துல அவங்களே டிக் போட்டு வெச்சிருக்கிற மெயில், செக்யூரிட்டி, பேக்கப் எல்லாத்தையும் எடுத்து விட்டுடுங்க.

படம் ஏன் வரலங்கறதுக்கு வருவோம், புதுசா பண்ற முக்கால்வாசி பேர் இங்கதான் மாட்டுறாங்க. உங்க ஃபைல நோட்பேட்ல தொறந்து படம் போட்ட லைனப் பாருங்க, சி கோலன், யூசர்ஸ், உங்க பேரு, டவுன்லோட்ஸ்னு நீளமா ஒரு பாதை இருக்கும்னு நெனைக்கிறேன். அது உங்க லேப்டாப்போட அட்ரஸ். ஃப்ரெண்டு போன்ல அந்த ஃபோல்டர் எங்க இருக்கும்? அதுவும் இல்லாம நீங்க அனுப்புனது எச்டிஎம்எல் ஃபைல மட்டும், படம் கூடப் போகவே இல்ல. அதனால பிரியாணின்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள உங்க பேஜ், அதே ஃபோல்டருக்குள்ள இமேஜஸ்னு இன்னொரு ஃபோல்டர், படம் எல்லாம் அதுல. படத்தோட பேரு தம்னு வெச்சிருந்தா, கோட்ல இமேஜஸ் ஸ்லாஷ் தம் டாட் ஜேபிஜின்னு மட்டும் எழுதுங்க, முன்னாடி சி டிரைவ் எதுவும் வரக்கூடாது.

அடுத்தது இன்னும் குசும்பு புடிச்ச மேட்டர். விண்டோஸ்ல ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, நெட்ல ஏத்துனா பெரும்பாலும் உண்டு. போன்ல எடுத்த போட்டோவுக்குப் பேரு பல நேரம் கேபிடல் லெட்டர்லதான் விழும், கடைசில ஜேபிஜி கூட கேபிடல்ல இருக்கும், நீங்க கோட்ல சின்ன எழுத்துல அடிச்சிருப்பீங்க, லேப்டாப்ல வரும், ஏத்துனதும் வராது, ராத்திரி பூரா தலைய பிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எல்லா பேரையும் சின்ன எழுத்துல வைங்க, நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க. முக்கியமா முதல் பேஜுக்குப் பேரு இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல், அதுவும் சின்ன எழுத்துல. வேற பேர் வெச்சா சைட் அட்ரஸ் அடிச்சா எதுவும் காட்டாது.

ஏத்துறதுக்கு முன்னாடி கோட்ல மேல இருக்கிற ஹெட் டேக் உள்ள ரெண்டு லைன் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு கேரக்டர் செட் யூடிஎஃப் எட்டு, அது இல்லன்னா உங்க தமிழ் எழுத்து சில பேருக்குக் கிறுக்கலாத் தெரியும். இன்னொண்ணு வியூபோர்ட், அது இல்லன்னா போன் அத கம்ப்யூட்டர் பேஜுன்னு நெனச்சு சுருக்கிக் காட்டும், ஆர்டர் குடுக்கிற ஆளு ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் படிக்கணும், படிக்க மாட்டாங்க, மூடிட்டுப் போயிடுவாங்க.

போட்டோ சைஸும் அப்படித்தான், போன் கேமரா போட்டோ ஒண்ணு 4, 5 எம்பி வரும், பத்து போட்டோ போட்டா 40, 50 எம்பி, டெய்லி ஒன்றரை ஜிபி பேக்ல இருக்கிறவங்க அத எதுக்குத் தொறக்கணும்? அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கி ஒவ்வொண்ணும் 200 கேபிக்குள்ள கொண்டு வாங்க, ஃப்ரீ ஆப் நெறைய இருக்கு. நெட்ல கெடைக்கிற பிரியாணி போட்டோவ மட்டும் எடுத்துப் போடாதீங்க. அப்பா தம் ஒடைக்கும்போது எடுத்த ஒரு போட்டோ, ஆவி பறக்கிற மாதிரி, அது போதும்.

இப்ப ஹோஸ்டிங். உங்களது வெறும் எச்டிஎம்எல், உள்ள லாகின் இல்ல, டேட்டாபேஸ் இல்ல. இந்த மாதிரி சைட்ட சும்மாவே வெச்சிக்கக் குடுக்கிற இடங்கள் இருக்கு, மூணு வருஷ ஹோஸ்டிங் பேக் எல்லாம் வாங்கிக் காச போடாதீங்க. யூடியூப்ல எல்லாரும் கிட்ஹப் பேஜஸ் சொல்லுவாங்க, படிக்கிறதுக்கு நல்லது, ஆனா அத ஆன்லைன் பிசினஸ் நடத்த ஃப்ரீ ஹோஸ்டிங்கா யூஸ் பண்ணக்கூடாதுன்னு அவங்க ரூல்லயே இருக்கு. அதே மாதிரி இன்னொரு இடமான வெர்செலோட ஃப்ரீ பிளானும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அதனால நான் சொல்றது க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ். அக்கவுண்ட் போட்டு, டைரக்ட் அப்லோட் போய், அந்த பிரியாணி ஃபோல்டர அப்படியே இழுத்துப் போட்டா பேஜஸ் டாட் டெவ்னு முடியற ஒரு அட்ரஸ்ல சைட் வந்துடும், பூட்டு அடையாளம் காட்டுற எஸ்எஸ்எல் கூட அவங்களே போட்டுடுவாங்க, அதுக்குன்னு யாராவது தனியா காசு கேட்டா குடுக்காதீங்க. ரேட்டோ போட்டோவோ மாத்தணும்னா மறுபடி முழு ஃபோல்டரையும் போடணும், மாத்துன ஒரு ஃபைல மட்டும் போட்டீங்கன்னா புது வெர்ஷன்ல அது ஒண்ணுதான் இருக்கும், மத்ததெல்லாம் காணாமப் போயிடும்.

அதுக்கப்புறம்தான் டொமைன். பேரு சின்னதா, போன்ல சொன்னா கேக்குறவங்க ஒரே தடவைல அடிக்கிற மாதிரி இருக்கணும், நடுவுல கோடு, நம்பர் எல்லாம் வேணாம். வாங்கும்போது உங்க சொந்த ஜிமெயில், உங்க நம்பர், அப்பா பேரோ உங்க பேரோ, இதுல மட்டும் யாரு சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க. எங்க ஏரியால மெஸ் வெச்சிருக்கிற ஒருத்தருக்கு சைட் பண்ணிக் குடுத்த ஆளு டொமைன தன்னோட அக்கவுண்ட்ல வாங்கிட்டாரு, அப்புறம் அவரு நம்பர மாத்திட்டுப் போயிட்டாரு, ரினியூ பண்ண ஆள் இல்லாம பேரு போச்சு, போர்டு, விசிட்டிங் கார்டு, பார்சல் கவர் எல்லாத்துலயும் அந்தப் பேர்தான் அடிச்சு வெச்சிருந்தாரு. டிசைன், ஹோஸ்டிங் எல்லாம் நாளைக்கே மாத்திக்கலாம், டொமைன் கை மாறிப் போச்சுன்னா திரும்ப வாங்குறது பெரும்பாடு. ஆட்டோ ரினியூவல் போட்டு வைங்க. டொமைன் வாங்குன கொஞ்ச நாள்ல ரினியூ பண்ணுங்கன்னு வேற வேற கம்பெனி பேர்ல மெயில் வரும், அதுல இருக்கிற லிங்க்க தொடாதீங்க, வாங்குன இடத்துல நேரா லாகின் பண்ணிப் பாருங்க.

கனெக்ட் பண்றது ஈசி. க்ளவுட்ஃப்ளேர்ல உங்க டொமைன சேர்த்தா ரெண்டு நேம்சர்வர் (உங்க டொமைன் எந்த இடத்துக்குப் போகணும்னு சொல்ற சர்வர்) பேர் குடுப்பாங்க, அத டொமைன் வாங்குன இடத்துல பழசத் தூக்கிட்டுப் போடணும், அப்புறம் பேஜஸ்ல கஸ்டம் டொமைன் போய் மூணு டபிள்யூவோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ரெண்டையும் சேருங்க. ஒண்ண மட்டும் சேர்த்தா பாதி பேருக்கு வருது பாதி பேருக்கு வரலன்னு போன் வரும். மாத்துன உடனே வராது, சில சமயம் ஒரு நாள் கூட ஆகும், அதுக்குள்ள பதறிப் போய் திரும்பத் திரும்ப மாத்துனா இன்னும் லேட்டாதான் ஆகும்.

பேஜ்ல என்ன எழுதறதுன்னு நீங்க கேக்கல, ஆனா ஆர்டர் வர்றது அதுலதான். எங்களப் பத்தின்னு ரெண்டு பாரா எழுதுறத விட்டுட்டு, அப்பாவுக்கு டெய்லி வர்ற போன்ல என்ன கேக்குறாங்கன்னு கவனிங்க. ஒரு கிலோ அரிசிக்கு எத்தன பேர் சாப்பிடலாம், பாஸ்மதியா சீரக சம்பாவா, தால்சா பிரெட் அல்வா கூட வருமா, எண்ணூர் வரைக்கும் தேக்சா கொண்டாந்து எறக்குவீங்களா, அட்வான்ஸ் எவ்ளோ, எத்தன நாள் முன்னாடி சொல்லணும். இதுக்குப் பதில் இருந்தா போதும். மட்டன் வெல ஏறி எறங்கும், அதனால ரேட்ட போட்டா எந்தத் தேதி ரேட்டுன்னும் சேர்த்துப் போடுங்க, இல்ல கேட்டா சொல்றோம்னு விட்டுடுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது சாப்பாட்டு தொழிலுக்கான லைசென்ஸ் நம்பர், 14 இலக்கம் இருக்கும், அத கீழ போடுங்க, ஆபீஸ் ஆர்டர் குடுக்கிறவங்க அதத்தான் முதல்ல தேடுவாங்க.

ஆன்லைன் பேமென்ட் இப்ப வேணாம். ஒரே ஒரு பச்சை பட்டன், அழுத்துனா வாட்ஸ்ஆப் தொறக்கணும். லிங்க்ல டபிள்யூஏ டாட் எம்இ ஸ்லாஷ் போட்டு 91, ஒட்டி அப்பாவோட பத்து நம்பர், ப்ளஸ் போடக்கூடாது, முன்னாடி சைபர் போடக்கூடாது. போட்டதும் வேற யாராவது போன்ல வைஃபை ஆஃப் பண்ணிட்டு அழுத்திப் பாருங்க, உங்க லேப்டாப்ல பார்த்தா பழைய பேஜையே கூட காட்டிக்கிட்டு இருக்கும்.

கூடவே கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஒண்ணு ஃப்ரீயா போட்டுடுங்க, பிரியாணி கேட்டரிங்னு தேடுறவங்க முதல்ல பாக்குறது மேப்பதான். வீட்லயே சமைக்கிறீங்கன்னா டோர் நம்பர மறைச்சிட்டு எந்தெந்த ஏரியாவுக்குக் குடுப்பீங்கன்னு மட்டும் போடலாம், ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர், மூலக்கடைன்னு. வெரிஃபிகேஷனுக்கு வீடியோ கேக்க வாய்ப்பு இருக்கு, அடுப்பு, தேக்சா, சாமான் எல்லாம் தெரியற மாதிரி எடுக்கணும், அதனால ஆர்டர் இருக்கிற அன்னிக்கே அப்ளை பண்ணுங்க.