பட்டாணிப் பருப்பு வேகாததற்கு ஹாம்தான் காரணமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு என் மகன் பெங்களூரிலிருந்து எலும்போடு கூடிய ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை) ஒன்று வாங்கி வந்தான். விருந்து முடிந்தும் பாதி மிஞ்சிவிட்டது. வெளிநாடுகளில் செய்வதைப் போலப் பட்டாணிப் பருப்பும் ஹாமும் சேர்த்துக் கெட்டியாகச் சூப் வைக்கலாம் என்று இறங்கினேன். வெங்காயம், தக்காளி வதக்கி, பருப்பையும் ஹாம் துண்டுகளையும் போட்டு, போர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில் விட்டேன். பருப்பு நறநறவென்று அப்படியே கிடந்தது. தண்ணீர் தனியாக நின்றது. வாயில் வைக்க முடியாத உப்பு வேறு. ஹாமில் இருக்கும் உப்புதான் பருப்பை வேகவிடவில்லை என்கிறார் என் மாமியார். எலும்பும் கொஞ்சம் கறியும் இன்னும் ஃபிரீசரில் இருக்கின்றன. இந்த முறை எப்படிச் செய்வது? பன்றிக்கறி சாப்பிடாத என் நாத்தனாருக்கும் இதைச் செய்து கொடுக்க வழி உண்டா? எலும்பை இன்னொரு முறை பயன்படுத்தலாமா?
வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: பருப்பு வெந்த பிறகுதான் உப்புப் போட வேண்டும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் மாமியாரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் சூப்பைக் கெடுத்தது உப்பு அல்ல. நீங்கள் ஊற்றிய போர் தண்ணீரும், முதலிலேயே சேர்த்த தக்காளியும்தான். ஹாமின் உப்பு சுவையைக் கெடுத்தது உண்மை. அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சூப் நிச்சயமாக நன்றாக வரும்.

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். கொதிநீரில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாக இருக்கும்போது அவை பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. எத்தனை விசில் விட்டாலும் அந்தப் பிடி எளிதில் தளராது. தக்காளியின் புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் புளி ஊற்றுகிறோமே, அதற்குள் இருக்கும் கணக்கு இதுதான். சமையல் உப்பின் சோடியமோ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அது பெக்டினைப் பிடித்திருக்கும் கால்சியத்தை விலக்கி, அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்து, பருப்பை இளக்குகிறது. தோலோடு உள்ள முழுப் பட்டாணியை லேசான உப்பு நீரில் ஊறவைத்துப் பாருங்கள், தோல் எவ்வளவு மென்மையாக வேகிறது என்று தெரியும்.

மதுரைக்காரர்களுக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. குழாயில் வரும் வைகைத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றும், போரில் வருவதை உப்புத் தண்ணீர் என்றும் பிரித்து, சமையலுக்கு முதலாவதையும் பாத்திரம் துலக்க இரண்டாவதையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே எல்லா வீடுகளிலும் உண்டு. இந்தச் சூப்பில் அந்த வழக்கத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் வராத நாள் என்றால் கேன் தண்ணீர் வாங்குங்கள். இரண்டுமே இல்லையென்றால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைப் படிவு கலங்காமல் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள். கடினத்தன்மை முழுவதும் போகாது, ஒரு பகுதி குறையும். அதோடு 400 கிராம் பருப்புக்குக் கால் டீஸ்பூனுக்கு மிகாமல் ஆப்ப சோடா சேர்த்தால் குழைந்துவிடும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினும் அழியும். நல்ல தண்ணீர் கையில் இருக்கும்போது சோடாவைத் தொடவே வேண்டாம்.

பருப்பையும் ஒருமுறை பாருங்கள். பட்டாணிப் பருப்பு என்று கேட்டுவிட்டுக் கடலைப் பருப்போடு வீடு திரும்புகிறவர்கள் பலர். பட்டாணிப் பருப்பு வழவழப்பாக, சீரான அரைக்கோளமாக இருக்கும். கடலைப் பருப்பில் மேடுபள்ளமும் ஒரு மூலையில் சிறு முனையும் தெரியும். அது வெந்தாலும் கரைந்து சூப்பாகாது. பழைய சரக்கும் வேண்டாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் முரண்டு பிடிக்கும். நம் ஊர் வெயிலில் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளைப் போலச் சரக்கு வேகமாகக் கைமாறும் இடத்தில் வாங்குவதே நல்லது.

மஞ்சள் பருப்பா, பச்சையா என்பதில் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். ஹாலந்தில் பச்சைப் பட்டாணியில், கரண்டி சாயாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இந்தச் சூப்பைச் செய்கிறார்கள். ஸ்வீடனில் மஞ்சள் பட்டாணிதான். அங்கே வியாழக்கிழமை தோறும் இதைச் சாப்பிட்டுவிட்டு இனிப்பான மெல்லிய அப்பம் சாப்பிடுவது நெடுநாளைய வழக்கம். கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் மஞ்சள் பட்டாணியோடு உப்பிட்ட பன்றிக்கறிதான் சேர்க்கிறார்கள். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் மஞ்சள் பருப்பே. பச்சை நிறம்தான் வேண்டும் என்று காய்ந்த முழுப் பட்டாணி வாங்கினால், முதலில் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் அது சாயம் ஏற்றிய பட்டாணி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழுப் பட்டாணியை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும், வெந்த பிறகு தோல் நீங்க வடிகட்டவும் வேண்டும். உடைத்த பருப்புக்கு இந்த இரண்டு வேலையும் கிடையாது. அதனால் நான் உடைத்த பருப்பையே சொல்வேன்.

இனி ஹாம். பன்றித் தொடையை உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையூட்டி, வேகவைத்தே விற்கிறார்கள். வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருப்பதற்கு நைட்ரைட்தான் காரணம். நிறத்தைப் பார்த்து வேகவில்லை என்று எண்ணி மேலும் மேலும் கொதிக்கவிட்டால் கறி நார்நாராகிச் சுவையிழந்துவிடும். ஆகவே எலும்பையும் கறியையும் பிரித்துவிடுங்கள். எலும்பு, அதில் ஒட்டிய சதை, தோல் மூன்றும் முதலில் பானைக்குள் போக வேண்டியவை. வெட்டி எடுத்த நல்ல துண்டுகள் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும். ஹாமின் உறையில் வேகவைக்காதது என்று அச்சிட்டிருந்தால் மட்டும் இந்த விதி மாறும். அப்போது கறியையும் எலும்போடு சேர்த்து முழுவதுமாக வேகவையுங்கள்.

எலும்பை ஃபிரீசரிலிருந்து எடுத்து முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். போன முறை உப்பு தூக்கலாக இருந்ததால், தண்ணீரில் மூழ்கவைத்து அங்கேயே ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பிறகு அடிகனமான பாத்திரத்தில் எலும்பைப் போட்டு இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். குக்கரில் என்றால் முக்கால் மணி நேரம் போதும். எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் கரைய இந்த அவகாசம் தேவை. சூப் உதட்டில் மெலிதாக ஒட்டுவதும், குடித்தால் வயிறு நிறைந்தாற்போல இருப்பதும் அதனால்தான். அவசரப்பட்டால் உப்பும் புகை மணமும் மட்டும் வரும், கனம் வராது.

எலும்பை எடுத்துவிட்டு அந்தச் சாற்றை ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். இந்தச் சமையலில் எல்லாவற்றையும்விட முக்கியமான நேரம் இது. சாறு இப்போதே உப்புச் சரியாக இருக்கிறது என்று தோன்றினால், சூப் வற்றும்போது கரிக்கும். ஆகவே உப்புக் குறைவு என்று நாக்கு சொல்லும் வரை நல்ல தண்ணீர் சேர்த்து விளாவுங்கள். மிச்சமாகும் சாற்றை ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். உப்புக் கூடிய குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இங்கே எடுபடாது. கிழங்கு தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே உறிஞ்சுகிறது, மீதியுள்ள சாற்றின் உப்பு அப்படியேதான் இருக்கும். அளவைக் கூட்டுவது ஒன்றே தீர்வு. உப்புப் போடாமல் வேகவைத்த பருப்பைக் கலந்தாலும் அதே பயன்தான்.

400 கிராம் பருப்பைக் கழுவி, சாற்றில் ஒன்றரை லிட்டரை அளந்து ஊற்றி வேகவிடுங்கள். ஆறு பேருக்குத் தாராளமாக வரும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், குக்கரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒன்றை மறக்காதீர்கள்: பட்டாணிப் பருப்பு நுரைத்துப் பொங்கும், அந்த நுரை விசில் துவாரத்தை அடைத்துவிடும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், ஆவி தானாக அடங்கிய பிறகு திறங்கள்.

பருப்பு வேகும் நேரத்தில் இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் மெதுவாக வதக்குங்கள். மாட்டுத்தாவணிச் சந்தையில் செலரி கிடைத்தால் ஒரு தண்டு சேருங்கள், இல்லையென்றால் குறையில்லை. மேல்நாட்டில் இதற்குத் தைம் என்னும் மூலிகை சேர்ப்பார்கள். அதன் மணத்துக்குக் காரணமான தைமால் நம் ஓமத்தில் இருக்கிறது. கால் டீஸ்பூன் ஓமத்தை வெங்காயத்தோடு வதக்கினால் மணம் சரியாக அமையும், பருப்பால் வரும் வாயுத் தொல்லைக்கும் நம் வீடுகளில் ஓமத்தைத்தான் நம்புகிறோம். பட்டை, கிராம்பு, சோம்பு, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை வந்தால் ஹாமின் புகை மணம் ஒதுங்கி, இது இன்னொரு சால்னா ஆகிவிடும். மிளகு மட்டும் அப்போதே தட்டிப் போடுங்கள், தாராளமாக.

வதக்கியதைப் பருப்போடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் எல்லாவற்றையும் அரைத்தால் பசைபோல் ஆகிவிடும். அரைத்தே ஆக வேண்டுமென்றால் பாதியை மட்டும் அரையுங்கள். ஊற்றினால் இட்லி மாவைப் போல விழ வேண்டும், அதுதான் பதம். இப்போது ஹாம் துண்டுகளையும் எலும்பிலிருந்து உதிர்த்த சதையையும் போட்டுப் பத்து நிமிடம் அடிபிடிக்காமல் கிளறுங்கள். இறக்கிய பின் உப்புப் பார்த்து, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். தக்காளி விரும்பினால் அதற்கும் இதுவே நேரம், தனியாக வதக்கிச் சேருங்கள். தொட்டுக்கொள்ள மொறுமொறுப்பாகச் சுட்ட கனமான பிரெட் போதும். மதுரையின் பன் பரோட்டா எனக்கும் பிடிக்கும், ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள இந்தச் சூப்போடு அது திகட்டும்.

உங்கள் நாத்தனாருக்கு ஆட்டு நல்லி எலும்பில் செய்யுங்கள், கூடவே ஒரு கைப்பிடி உப்புக்கண்டம். ஹாமுக்கு நம் பக்கத்தில் மிக நெருங்கிய பண்டம் அதுதான். ஒரு வேறுபாடு உண்டு: உப்புக்கண்டம் வெயிலில் உலர்த்திய பச்சைக் கறி. ஹாமைப்போலக் கடைசியில் போடக் கூடாது, கழுவி ஊறவைத்து எலும்போடு முதலிலிருந்தே வேக வேண்டும். புகை மணம் வராது, ஆனால் காரமும் கறிச்சுவையும் பருப்போடு அருமையாகச் சேரும். வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வெறும் நல்லி எலும்புச் சூப்பே ஏற்றது. ஹாம் சூப்பில் கறியை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் பயனில்லை, உப்பு சாற்றில்தான் இருக்கிறது.

மிஞ்சும் சூப்பைப் பாத்திரத்தோடு அடுப்படியில் விட்டுவிடாதீர்கள். கெட்டியான சூப்பின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதித்தும் சாகாத சில கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்துப் பெருகும். அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் சேருங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே கெடு. மூன்று நான்கு நாள் வைக்கலாம். இறுகிப்போனால் வெந்நீர் விட்டுக் கரைத்து, நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள். போன முறை செய்தது இன்னும் ஃபிரிட்ஜில் இருந்து, நான்கு நாள் கடந்திருந்தால் கொட்டிவிடுங்கள். ஃபிரீசரில் உள்ள ஹாம் ஐஸ் பிடித்து உறைந்தே இருக்கும் வரை கெடாது, என்றாலும் ஓரிரு மாதத்துக்குள் தீர்த்தால் சுவை குறையாது. மின்வெட்டில் உருகி, தொட்டால் குளிர்ச்சியே இல்லாத நிலைக்குப் போயிருந்தால் மறுபடி உறையவைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டு மணி நேரம் வெந்த எலும்பில் அடுத்த முறைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைத் தெரு நாய்க்கும் போட வேண்டாம். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையில் குத்தும், அதில் ஏறியிருக்கும் உப்பும் நாய்க்கு ஆகாது. காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டு மூடிவிடுங்கள்.