படலையில் நின்ற கிழவி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், டிஸ்னியின் டொனால்ட் டக் என்ற வாத்து தோன்றும் 'ட்ரிக் ஓர் ட்ரீட்' என்ற பழைய கார்ட்டூன் குறும்படத்தைப் பற்றி ஒரு பதிலின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தேன். ஏறத்தாழ எட்டு நிமிடம் மட்டுமே ஓடும் அந்தப் படத்தைப் பற்றி வந்த கடிதங்கள் ஏனைய கேள்விகளையெல்லாம் பின்தள்ளிவிட்டபடியால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (ஆசிரியை, கிளிநொச்சி): மழையால் விளையாட்டுப் பாடம் நின்றுபோன ஒரு நாளில் நான்காம் தரப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். ஹலோவீன் என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆங்கிலமும் விளங்காது. ஆனாலும் மூன்று தடவை போடச் சொல்லிச் சிரித்தார்கள். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கொண்டாட்டத்தின் படம் இப்படிப் பிடித்துப்போவது எதனால்?

பதில்: படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹலோவீன் இரவில் வேடமணிந்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் கேட்பதும், கொடுக்காத வீட்டில் குறும்பு செய்வதும் அமெரிக்க வழக்கம். டொனால்டின் மருமக்களான ஹூயி, டூயி, லூயி மூவரும் மாமனின் வாசலுக்கு வருகிறார்கள். மாமனோ அவர்கள் நீட்டிய பைகளில் இனிப்புக்குப் பதிலாகச் சீனவெடியைப் போடுகிறார். பின்பு ஒரு கயிற்றை இழுத்துத் தலையில் தண்ணீரையும் கொட்டுகிறார். துடைப்பத்தில் ஏறி அவ்வழியே வந்த ஹேசல் என்ற சூனியக்காரக் கிழவி இதைக் கண்டு பிள்ளைகளின் பக்கம் நிற்கிறாள். அவள் போய் நயமாகக் கேட்டபோதும் டொனால்ட் அவளுடைய மூக்கைப் பிடித்து இழுத்து, அவளையும் நனைத்து அனுப்பிவிடுகிறார். அதன் பின்னர் அவள் ஒரு மந்திரக் கஷாயம் காய்ச்சி, நமது தோட்டக்காரர் மருந்தடிப்பதைப் போலப் பம்பினால் விசிற, பூசணிக்காயும் வேலிக்கட்டைகளும் உயிர்பெற்று எழுந்து டொனால்டை வெருட்டுகின்றன.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு ஹலோவீன் தெரியாது என்கிறீர்கள். ஆனால் வாசலில் வந்து கேட்பவருக்கு இல்லையென்று சொல்வது குற்றம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மன் கோவில் நேர்த்திக்காக மடிப்பிச்சை கேட்டு வருகிறவர் படலையில் நின்றால், வீட்டில் ஒரு சுண்டு அரிசிதான் இருக்கிறதென்றாலும் அதில் ஒரு பிடி போடுகிற வீடுகளில் வளர்கிற பிள்ளைகள் அவர்கள். நீட்டிய பையில் வெடியைப் போடுகிற மனிதர் எத்தகைய பிழையைச் செய்கிறார் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்திலேயே, அவருக்கு என்ன வந்தாலும் சிரிக்கலாம் என்ற உரிமை அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது அந்தக் கிழவி. பயமுறுத்த வேண்டிய பாத்திரம் பிள்ளைகளின் கட்சியில் சேர்ந்துகொள்கிறது என்பதுதான் இந்தப் படத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். வேடத்தில் வந்த பிள்ளைகள் சூனியக்காரிகள் இருப்பதை நம்புகிறார்கள் என்றறிந்ததும் அவள் முகம் மலர்கிற இடத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்; நெடுங்காலம் தன்னை யாரும் விசாரிக்கவில்லையே என்றிருந்த ஒரு பாட்டியின் மகிழ்ச்சி அது. இங்கே எனக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதை நினைவுக்கு வருகிறது. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வந்து பசிக்கிறதென்றாள். சிறுவர்கள் தங்களிடம் இருந்ததைப் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், விளக்கும் எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது அங்கே ஆயிரம் கண்கள் இருக்கக் கண்டார்கள். தெய்வத்தையும் கார்ட்டூன் கிழவியையும் ஒன்றாக்குகிறேன் என்று தயவுசெய்து யாரும் கோபித்துக் கடிதம் எழுத வேண்டாம். பெரியவர்கள் அலட்சியம் செய்யக்கூடிய ஒரு கிழவி பிள்ளைகளுக்கு மட்டும் தன் உண்மை உருவைக் காட்டுவாள் என்ற கதைப்போக்கு நம்முடைய பிள்ளைகளின் காதுக்குப் புதிதல்ல என்று மாத்திரமே சொல்கிறேன்.

கேள்வி (தபால் ஊழியர், வவுனியா): படத்தில் டொனால்ட் படும் பாடு கொஞ்சம் அதிகமாகத் தோன்றவில்லையா? கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு தண்டனையா?

பதில்: டொனால்ட் கஞ்சர் அல்ல, அவருடைய களஞ்சிய அறை நிறையப் பண்டங்கள் இருக்கின்றன. அவரைப் பிடித்திருப்பது வீம்பு. உயிர்பெற்ற பூசணிக்காயைக் கண்டதும் அவர் பயந்துபோய்ப் பண்டம் தர ஒப்புக்கொண்டுவிடுகிறார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இவரை மடக்குவது இவ்வளவு சுலபமா என்ற பொருளில் ஹேசல் ஒரு சொல் சொல்லிவிட, அதைக் கேட்டு ரோசம் வந்து களஞ்சிய அறையின் கதவைப் பூட்டித் திறப்பை விழுங்கிவிடுகிறார். நகைச்சுவை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய இடம் இது. அடிக்குப் பணிந்தவன் ஒரு கேலிக்குப் பணிய மறுக்கிறான். வாய்க்கால் வரம்பில் அரை முழ நிலத்துக்காக வழக்காடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அதன் பின்னர் அவருடைய கால்களே மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு அவரைக் கேளாமல் ஆடி, உதைத்துத் திறப்பை வெளியே கொண்டுவருகின்றன. அவர் அதைக் கதவின் கீழால் உள்ளே தள்ளிவிட, கடைசியில் மிகத் தூரம் பின்னே போய் ஓடிவந்து கதவைத் தன் உடம்பாலேயே உடைத்து மயங்கி விழுகிறார். நீங்கள் சொல்வதுபோல் தண்டனை கொஞ்சம் நீண்டுதான் போகிறது. கதவை மோதுகிற காட்சி ஒரு தடவையோடு நின்றிருந்தாலும் எனக்குப் போதும்.

கேள்வி (உயர்தர மாணவி, மாங்குளம்): ஹேசல் கஷாயம் காய்ச்சும்போது சொல்லும் மந்திரத்தின் பொருள் என்ன? தங்கைக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க முயன்று தோற்றுவிட்டேன்.

பதில்: தோற்றது உங்கள் பிழையல்ல. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் கொப்பரையைச் சுற்றி நின்று பிராணிகளின் கண், கால்விரல், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காய்ச்சுகிற பயங்கரமான காட்சி ஒன்று உண்டு. ஹேசல் அதே சந்தத்தில் பாடுகிறாள். ஆனால் அவள் போடுவது ஊசியின் கண், சப்பாத்தின் நாக்கு, இரண்டு மணியைக் காட்டும் மணிக்கூட்டின் கை, போத்தலின் கழுத்து. உறுப்பின் பெயரைக் கேட்டு மனம் திடுக்கிட, அது வெறும் வீட்டுச் சாமான் என்று தெரிந்தவுடன் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு துளி இரத்தம் இல்லாமல் செய்யப்பட்ட சூனியம் அது.

இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஏன் சரிவராது என்றால், ஆங்கிலத்தில் ஊசிக்கு இருப்பது கண், தமிழில் இருப்பதோ காது. அவர்களுடைய மணிக்கூட்டுக்குக் கை, நம்முடையதற்கு முள். ஆகவே நம்மிடம் இருப்பதைக் கொண்டே காய்ச்ச வேண்டும். 'ஊசிக் காதும் சீப்புப் பல்லும், கேத்தல் மூக்கும் கதிரைக் காலும், தேங்காய்க் கண்ணும் குடத்தின் வாயும்' என்று தொடங்கித் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை அவள் குசினியில் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பாள். நானும் எழுதிவிட்டு, அரிவாள்மனைக்கு என்ன உறுப்பு உண்டென்று அரைமணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி (தாய், புதுக்குடியிருப்பு): பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பைக்குள் சீனவெடி வெடிக்கும் இடத்தில் என் மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். பேய், சூனியம், வெடி என்று வருகிற படத்தை எங்கள் வீட்டில் காட்டலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு வெடி என்பது தீபாவளிச் சத்தம். மாமியாருக்கு அது வேறு. பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. மாமியாரை இருந்து பார்க்கச் சொல்லவும் வேண்டியதில்லை. வெடிக் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. அந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவைத்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் நட்டமில்லை.

பயம் பற்றிய உங்கள் கேள்வி வேறு. இருட்டில் புளியமரத்தடியால் போகாதே, முனி நிற்கும் என்று நாமே சொல்லி வளர்க்கிற பிள்ளைகளுக்கு, பயமுறுத்துகிற ஒன்றை உட்கார்ந்திருந்து பார்த்துச் சிரிக்கலாம் என்பது ஒரு விடுதலை என்றே கருதுகிறேன். அதற்காக எல்லாப் படத்தையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். டிஸ்னி நிறுவனமே 1929இல் எலும்புக்கூடுகள் மயானத்தில் எழுந்து நடனமாடும் ஒரு படத்தை வெளியிட்டது. அப் ஐவர்க்ஸின் சித்திரமும் கார்ல் ஸ்டாலிங்கின் இசையும் ஒன்றோடொன்று இழைந்த அருமையான படம் அது. பேச்சே இல்லாததால் எந்த மொழிக்காரரும் பார்க்கலாம். ஆயினும் மண்ணைத் தோண்டுகிற இடத்தில் எலும்பு வந்ததென்ற செய்தியை இன்னும் பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருக்கிற ஊரில், பெரியவர்கள் கூடியிருக்கும் வீட்டில் அதைப் போட எனக்குக் கை வராது. ஹேசலின் படத்தில் இறந்தவர் எவரும் இல்லை. பேயாக மாறுவது வேலிக்கட்டை.

கேள்வி (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், முருங்கன்): யார் எடுத்த படம், எப்போது வந்தது? ஹேசலுக்குக் குரல் கொடுத்தவர் யார்?

பதில்: 1952 ஒக்டோபர் 10ஆம் திகதி வெளிவந்தது, இயக்கியவர் ஜாக் ஹன்னா. 1934 முதல் டொனால்டின் குரலாக இருந்த கிளாரன்ஸ் நாஷ் இதிலும் பேசுகிறார். ஹேசலின் குரல் ஜூன் ஃபோரே என்ற நடிகையுடையது. சில ஆண்டுகள் கழித்து வார்னர் சகோதரர்களின் பக்ஸ் பன்னி படங்களிலும் அதே பெயரில் ஒரு சூனியக்காரி வந்தாள். அவளுக்கும் பின்னர் குரல் கொடுத்தவர் இவரே. பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியவில்லை. அது அங்கே கடைகளில் விற்கிற ஒரு மூலிகையின் பெயர். போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே கிழவியாகப் பேசிய ஃபோரே, தமது 99ஆவது வயதில் 2017இல் காலமானார். அவருடைய சிரிப்பை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். அதில் கொடுமை சிறிதும் இல்லை, குறும்புதான் இருக்கிறது. இதே கதையைச் சித்திரக்கதையாக வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். அவர் வரைந்த பக்கங்களில் சிலவற்றைப் பதிப்பாளர் அப்போது நீக்கிவிட, பல வருடங்களின் பின்பே அவை அச்சேறின.

கேள்வி (இளைஞர், ஒட்டுசுட்டான்): கனடாவிலிருக்கும் உறவினர்கள் வருடாவருடம் ஹலோவீன் வேடத்தோடு படம் அனுப்புகிறார்கள். இங்கும் அதைக் கொண்டாடத் தொடங்கலாமா?

பதில்: கொண்டாடாமலே படத்தை ரசிக்கலாமே. ஒக்டோபர் 31 என்பது நவம்பர் முதலாம் திகதியில் வருகிற சகல புனிதர் திருநாளின் முன்னிரவு; மறுநாளான 2ஆம் திகதி, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் நாள். வேடமிடுவது அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துப் பழைய வழக்கம்; பூசணிக்காய் அமெரிக்கா சேர்த்தது. குறும்பு இரவு வேண்டுமென்றால் நமக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. சிவராத்திரியன்று விழித்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அயலவரின் இளநீரைப் பிடுங்கியதும், படலையைக் கழற்றிச் சந்தியில் கொண்டுபோய் வைத்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நேரே கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கேள்வி (ஐந்தாம் தர மாணவன், மல்லாவி): எல்லாம் முடிந்த பிறகு பூசணிக்காய் ஏன் எங்களைப் பார்த்து வெருட்டுகிறது?

பதில்: தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர். கிழவி துடைப்பத்தில் ஏறிப் போகும்போது பூசணிக்காயின் மீது போட்ட மந்திரத்தை எடுக்க மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன். டொனால்ட் மயங்கிக் கிடக்கிறார், மருமக்கள் பண்டங்களோடு நிற்கிறார்கள். வெருட்டுவதற்கு மிச்சமாக இருப்பவர் நீர் ஒருவர்தான். ஆனால் வெருட்டிய பிறகு அது சிரிக்கிறதைக் கவனித்தீரா? உங்கள் வயலில் பானைத் தலையோடு நிற்கிற வெருளிக்கும் யாரோ சுண்ணாம்பால் சிரிப்பு வரைந்துவிட்டிருப்பார்கள். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதும்.